வாழை வாடுகிறதா? அறிகுறியிலிருந்து வாடல் நோயை அடையாளம் காணும் வழிமுறை

அடியிலை மஞ்சளானதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் வாழைத் தோட்டத்தில் அதிகம் பணம் போகும் வழி. பொட்டாஷ் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும், நூற்புழு வேரைத் தின்றாலும் மஞ்சளாகும். பனாமா வாடல் என்கிற ஃபியூசேரியம் வாடலிலும் முதலில் மஞ்சளாவது அதே அடியிலைதான். முதல் மூன்றையும் சரிசெய்துவிடலாம். வாடல் வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. அதனால் எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

தெரிந்துகொள்ள மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: மரத்தின் உள்ளே, வயலில் மரங்கள் வாடியிருக்கும் வரிசையில், உங்கள் வட்டாரத்தில் எந்த ரகம் வாடுகிறது என்பதில். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நோய் எப்படி வந்தது, அடுத்து எங்கே போகும் என்பதைச் சொல்வது மற்ற இரண்டும்தான்.

முதலில் ஒரு வெட்டு

முழுக்கக் காய்ந்து சரிந்த மரத்தை வெட்டிப் பார்த்துப் பயனில்லை. அதில் அழுகல் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் குடியேறி எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும். கீழே இரண்டு மூன்று இலை மட்டும் மஞ்சளாகி, மேலே இன்னும் பச்சையாக நிற்கும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தண்டின் வெளிமட்டையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சன்னல்போல வெட்டித் திறங்கள். அடுத்த மட்டையிலும் அதேபோல. வாடல் நோய் என்றால் வெள்ளை மட்டைக்குள் மேலிருந்து கீழாக மஞ்சள், செம்பழுப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் நூல்நூலாகக் கோடுகள் ஓடும். பிறகு கிழங்கைக் குறுக்கே அரியுங்கள். நடுவிலும் வெளி வட்டத்தை ஒட்டியும் மஞ்சள் அல்லது செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது.

வெட்டிய ஓரிரு நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். வாழைப்பால் காற்றுப்பட்டதும் நல்ல தண்டுகூடப் பழுப்பேறிவிடும். அந்தக் கறை வெட்டுப்பரப்பு முழுவதும் ஒரே சீராகப் படியும். நோயின் நிறம் நரம்புக்குள் மட்டும் இருக்கும். பக்கத்து இழை வெள்ளையாகவே நிற்கும். சந்தேகமாக இருந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு அரை அங்குலம் கீழே புதிதாக வெட்டிப் பாருங்கள். கறை என்றால் புது வெட்டில் இருக்காது. நோய் என்றால் அதே நரம்பில் தொடர்ந்து ஓடும்.

இந்தக் கத்தியை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும் முன் மண்ணும் சாறும் போகக் கழுவி, தீயில் காட்டியோ கிருமிநாசினியில் நனைத்தோ எடுங்கள். சோதிக்கப் போய் நோயை நட்டுவிட்டு வரக்கூடாது.

அடியிலை ஓரத்திலிருந்து மஞ்சள், காம்பு ஒடிந்து தொங்குகிறது

இது வாடலின் பாடப்புத்தக அறிகுறி. முதிர்ந்த இலையின் ஓரத்தில் தொடங்கும் மஞ்சள் நடுநரம்பை நோக்கி வரும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மடங்கும். காய்ந்த இலைகள் பாவாடைபோலத் தண்டைச் சுற்றித் தொங்கும். குருத்து மட்டும் கடைசிவரை நேராக நிற்பதுண்டு. சில மரங்களில் மஞ்சளே வராமல் இலை பச்சையாகவே ஒடிந்து தொங்கும். அதைப் பார்த்து "காற்றில் ஒடிந்தது" என்று விட்டுவிடாதீர்கள். காற்றில் ஒடிந்த காம்புக்கு உள்ளே நிறக்கோடு இருக்காது.

பெரும்பாலும் நட்டு 4, 5 மாதம் ஆனபிறகே வெளியில் தெரியும். பூஞ்சை வேர்வழியாக நுழைந்து நீர் ஏறும் குழாய்களில் வளர்கிறது. மரம் அதைத் தடுக்கத் தன் குழாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. இலை பெரிதாகித் தண்ணீர்த் தேவை கூடும்போதுதான் அடைப்பு வெளியே தெரிகிறது. தார் தள்ளும் சமயத்தில் திடீரென்று பல மரங்கள் விழுவதற்கும் இதே காரணம்தான்.

அடித்தண்டு நெடுக்காக வெடிக்கிறது

தரையை ஒட்டி வெளிமட்டைகள் நீளவாக்கில் பிளப்பது ரஸ்தாளியிலும் கற்பூரவள்ளியிலும் அடிக்கடி காணும் வாடல் அறிகுறி. ஆனால் கோடை வறட்சிக்குப் பின் ஒரே மூச்சில் அதிகத் தண்ணீர் பாய்ச்சினாலும் மட்டை வெடிக்கும். வெடிப்பு மட்டும் இருந்து உள்ளே நரம்பு வெள்ளையாக இருந்தால் பாசன இடைவெளியைச் சீராக்குங்கள், போதும்.

நாற்றம், கொழகொழப்பு, தொட்டால் சாய்கிறது

இது வேறு ஆள். கிழங்கு கூழாக அழுகி நாறினால், மரத்தை இழுத்ததும் கழுத்தில் பிய்ந்து கிழங்கு மண்ணிலேயே நின்றுவிட்டால், அது பாக்டீரியா கிழங்கழுகல். கோடை வெயிலில் நட்ட இளம் திசு வளர்ப்புக் கன்றுகளில் அதிகம். வடிகால் வெட்டுங்கள், கன்றின் கழுத்தில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். ஃபியூசேரியம் வாடிய கிழங்கு தொடக்கத்தில் கெட்டியாகவே இருக்கும், நாறாது.

குருத்தும் இளம் இலையும் முதலில் வாடி, காயை வெட்டினால் சதை பழுப்பாக இருந்தால் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, நிறம் மாறிய தண்டுத் துண்டு ஒன்றை நுனி மட்டும் தண்ணீரில் படும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போன்ற இழை வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பூஞ்சையின் பக்கம். ஃபியூசேரியம் வாடலில் காய் சிறுக்கும், முதிராமல் பழுக்கும், ஆனால் சதைக்குள் நிறம் மாறாது.

மஞ்சள் இருக்கிறது, உள்ளே சுத்தம்

அடியிலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, நுனி உள்நோக்கிச் சுருண்டு, நடுநரம்பு பாதியில் மடங்கினால் பொட்டாஷ் பற்றாக்குறை. ஓரமும் நடுநரம்பும் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியம். இலையில் கோடுகளும் நடுவில் சாம்பல் நிறப் புள்ளிகளும் இருந்தால் சிகடோகா இலைப்புள்ளி, அது காற்றில் வருவது, மண்ணிலிருந்து அல்ல. தண்டில் துளையும் அதிலிருந்து பிசினும் வடிந்தால் தண்டுக் கூன்வண்டு. தார் பாரத்தில் மரம் வேரோடு பெயர்ந்து விழுந்து, வேரைக் கீறினால் கருஞ்சிவப்புக் காயங்கள் தெரிந்தால் நூற்புழு.

நூற்புழு இருக்கும் வயலை இரண்டாவது முறை சோதியுங்கள். வேரில் அது போடும் காயம் வாடல் பூஞ்சைக்கு எளிதான வாசல். இரண்டும் சேர்ந்திருக்கும் தோட்டத்தில் ஒன்றைமட்டும் பார்த்து மருந்து போட்டால் மற்றது மறைந்தே நிற்கும்.

வயலைப் படமாக வரையுங்கள்

ஒரு தாளில் வரிசைகளைக் கோடிட்டு, வாய்க்கால், மடை, வண்டிப்பாதை, தாழ்வான மூலை ஆகியவற்றைக் குறித்து, வாடிய மரங்களில் பெருக்கல் குறி போடுங்கள். தேதியும் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறு நிற மையில் புதியவற்றைச் சேருங்கள். அரைமணி நேர வேலைதான். ஆய்வகம் பூஞ்சையின் பெயரைத்தான் சொல்லும். அது வந்த பாதையை இந்தப் படம்தான் சொல்லும்.

புதிதாக வாழை வைத்த நிலம், இதற்கு முன் அங்கே வாழையே இல்லை, ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒரே வயதில் வாடுகிறது என்றால் நோய் கன்றோடு வந்திருக்கிறது. தாய்மரம் வெளியில் நோயில்லாததுபோலத் தெரியும்போதே பக்கக்கன்றின் கிழங்குக்குள் பூஞ்சை போயிருக்கும். கிழங்கின் தோலைச் சீவி மருந்தில் முக்கினால் மேலே ஒட்டிய மண்ணும் வண்டின் முட்டையும் நூற்புழுவும் போகும், நரம்புக்குள் இருக்கும் பூஞ்சை போகாது. சீவும்போது கிழங்கில் ஒரு செம்புள்ளி தெரிந்தாலும் அந்தக் கன்றை ஒதுக்குங்கள். அதே தாய்த்தோட்டத்திலிருந்து வந்த மற்ற கன்றுகளையும் நம்பாதீர்கள்.

மடைவாயில் தொடங்கி வாய்க்கால் ஓரமாகவே இறங்கினால் தண்ணீரில் வந்தது. காவிரி, தாமிரபரணிப் பாசனத்தில் மேல்மடைக்காரர் வெட்டி எறிந்த நோய்மரத்தின் மண்ணும் சாறும் கீழ்மடைக்குத்தான் வரும். இங்கே உங்கள் வயலுக்குள் மட்டும் என்ன செய்தாலும் அடுத்த முறை திறக்கும்போது மறுபடி வரும். மேல்மடைக்காரரோடு உட்கார்ந்து பேசுவது எந்த மருந்தையும்விட முக்கியம்.

டிராக்டர் திரும்பும் முனையிலும் உழவு ஓடிய திசையிலும் நீளமாகப் படர்ந்தால் கருவியில் ஒட்டிய மண். ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாகப் பெருகினால் பழைய நோய்க்கட்டையிலிருந்து வேருக்கு வேர் பரவுகிறது. மறுதாம்பு விட்ட, அதாவது தார் வெட்டிய கட்டையின் பக்கக்கன்றையே அடுத்த பயிராக வளர்த்த தோட்டத்தில் இதுதான் வழக்கம். முதல் பயிரில் ஓரிரண்டு மரமாக இருந்தது, கட்டைப்பயிரில் திட்டாகிவிடும்.

வயல் முழுவதும் ஒரே வாரத்தில் மஞ்சளானால் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. உப்புத் தண்ணீர், களைக்கொல்லி, வேர் மூழ்கியது என்று தேடுங்கள். மண்ணில் வாழும் பூஞ்சை அவ்வளவு வேகமாக நடக்காது.

வட்டாரமும் ரகமும்

பூஞ்சையின் பெயர் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் கியூபென்ஸ். ஒரே பெயருக்குள் வெவ்வேறு இனங்கள். இனம் 1 ரஸ்தாளி, கற்பூரவள்ளி, விருப்பாட்சி போன்ற மலைவாழை, ஏலக்கி ஆகியவற்றைத் தாக்கும். இனம் 2 மொந்தன் குடும்பத்தைத் தாக்கும். இனம் 4 ஜி-9, ரொபஸ்டா முதலான காவண்டிஷ் ரகங்களையும் சேர்த்து வீழ்த்தும். அதில் வெப்பமண்டலத்தில் எந்தப் பருவத்திலும் தாக்கும் கிளைதான் டி.ஆர்.4 (டிராபிகல் ரேஸ் 4).

ரஸ்தாளி வகை வாழை போன இடமெல்லாம் ஒரே கதைதான். கர்நாடகத்தில் நஞ்சன்கூடு ரசபாளே, பீகாரில் மால்போக், ஆந்திரத்தில் அமிர்தபாணி எல்லாம் ரஸ்தாளியின் உறவுக்காரர்கள். எல்லாமே வாடலால் பரப்பு சுருங்கியவை. திருச்சி, கரூர் காவிரிக்கரையில் ரஸ்தாளி வைப்பவர் நெல்லுக்குப் பிறகு புது மண்ணாகத் தேடிப்போய் வைப்பதும் இதனால்தான். அதே நிலத்தில் பூவன் நின்றுவிடுகிறது, இனம் 1 பூவனை வீழ்த்துவதில்லை. ரஸ்தாளி சாய்ந்து, பக்கத்துப் பூவன் செழித்திருப்பதைப் பார்த்தால் அது இனம் 1-க்கு நல்ல சாட்சி.

கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். கேரளத்தில் பூவன் என்று சொல்வது நம் ரஸ்தாளியை, நம் பூவன் அங்கே பாளையங்கோடன். கன்னியாகுமரிப் பக்கம் எல்லை தாண்டிக் கன்று வரும்போது, எதிர்ப்புத் திறன் உள்ளது என்று நம்பி நோய்க்கு முதல் பலியாகும் ரகத்தை வைத்துவிடக்கூடும். தாரையும் பழத்தையும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் ஜி-9 வாடினால் உடனே டி.ஆர்.4 என்று ஊரைக் கூட்ட வேண்டாம். காவண்டிஷைத் தாக்கும் வீரியமான இனம் 1 தேனி மாவட்டத்தில் இருப்பதைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெளியறிகுறியை வைத்து இனம் 1, டி.ஆர்.4 இரண்டையும் பிரிக்க எவராலும் முடியாது. மரபணுச் சோதனை ஒன்றே வழி. அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. வட இந்தியாவில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா, உத்தரப் பிரதேசத்தின் பைசாபாத் (இப்போது அயோத்தி மாவட்டம்) பகுதிகளில் ஜி-9 தோட்டங்களில் டி.ஆர்.4 உறுதியாகியிருக்கிறது. குஜராத்தின் சூரத், மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் பக்கமும் பதிவாகியுள்ளது. பீகார்ப் பகுதி வெள்ளம் பாயும் சமவெளி. வெள்ளநீர் வயல்வரப்பைப் பார்ப்பதில்லை. டி.ஆர்.4 உள்ள இந்தப் பகுதிகளிலிருந்து கன்றோ, மண் ஒட்டிய வாழைத்தாரோ, அறுவடைக் கருவியோ தமிழ்நாட்டுக்கு வருவதை ஒருநாளும் அனுமதிக்கக்கூடாது.

மண்ணும் கணக்கில் வரும். அமிலத்தன்மையுள்ள மணற்பாங்கான நிலத்தில் நோய் வேகமாகப் பரவும். காரத்தன்மை கூடிய களிமண்ணில் மெதுவாகும். ஒரே ரகம், ஒரே கன்று, ஆற்றின் இரண்டு கரையில் இரண்டு விதமாக வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறுதியானதும் என்ன செய்வது

நோய்மரத்தை வரப்புவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வாய்க்காலில் போடவே போடாதீர்கள். இழுக்கும் வழியெல்லாம் மண் உதிரும். நின்ற இடத்திலேயே கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி, துண்டாக்கி, குழிக்குள்ளேயே காயவைத்து எரியுங்கள். மழைநாளில் செய்யாதீர்கள். எரித்த குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு தூவி மண்ணோடு கலந்து மூடுங்கள். அந்தக் குழியில் மறுபடி வாழை வைத்து இடைவெளி நிரப்புவதுதான் பலர் செய்யும் தவறு. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அந்தத் திட்டின்மேல் தண்ணீர் பாயாமல் கரை கட்டித் திருப்பிவிடுங்கள்.

சுற்றியுள்ள நல்ல மரங்களுக்குத் தடுப்பாக, வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, லிட்டருக்கு 20 கிராம் கார்பென்டாசிம் கலந்த கரைசலில் 3 மி.லி.-யைக் கிழங்கில் செலுத்தலாம். கிழங்கை 45 பாகைச் சாய்வில் 10 செ.மீ. ஆழம் துளைத்து, உள்ளே விட்டதும் களிமண்ணால் அடைக்க வேண்டும். நட்ட 2, 4, 6 ஆம் மாதங்களில். ஏற்கெனவே இலை மஞ்சளான மரத்துக்கு இதைப் போட்டு எதிர்பார்ப்பது வீண். குழாய் அடைத்த மரத்தில் மருந்து மேலே ஏறாது. ஒவ்வொரு துளைக்கும் பிறகு ஊசியைக் கழுவாவிட்டால் மருந்தோடு நோயையும் செலுத்துகிறீர்கள்.

உயிரி முறையில் போவதென்றால் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் ஹெக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் குறையாமல் சில நாள் வைத்து மரத்தைச் சுற்றி இடுங்கள். நடும்போது குழிக்கு 250 கிராம் வேப்பம்புண்ணாக்கு சேர்த்தால் நூற்புழுவும் அடங்கும். கார்பென்டாசிமையும் டிரைக்கோடெர்மாவையும் ஒன்றாகப் போடாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், மருந்து அதையும் கொன்றுவிடும். ஒன்றை ஊற்றி அடுத்த வாரமே மற்றதைப் போட்டுவிட்டு "உயிரி மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லும் தோட்டங்கள் நிறைய உண்டு.

யூரியாவை அள்ளிப் போட்டு மரத்தைத் தேற்றப் பார்க்காதீர்கள். அம்மோனிய வடிவத் தழைச்சத்து மண்ணின் அமிலத்தைக் கூட்டி நோய்க்குத்தான் உதவும்.

அடுத்த பயிர்

இந்தப் பூஞ்சையின் தடித்த வித்துகள் வாழையே இல்லாவிட்டாலும் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டுக்காயப்பூண்டு போன்ற களைகளின் வேரில் அறிகுறியே இல்லாமல் தங்கும் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே ஒரு வருடம் தரிசு போட்டால் நிலம் சுத்தமாகிவிடாது. ஒன்றிரண்டு போகம் நெல் வைத்துத் தண்ணீர் கட்டினால் வித்தின் எண்ணிக்கை குறையும், தைவான் வாழைப் பகுதியில் இந்தச் சுழற்சி பலன் தந்தது. ஆனால் குறையும், ஒழியாது. நெல்லுக்குப் பிறகு ரஸ்தாளி வைத்து முதல் பயிர் தப்பித்தால், மறுதாம்பு விட ஆசைப்படாமல் அதோடு நிறுத்துங்கள்.

திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வரும், அது உண்மை. ஆனால் நோய் மண்ணில் வைத்தால், இளவேர் மென்மையாக இருப்பதால், பக்கக்கன்றைவிடச் சீக்கிரமே விழுவதுண்டு. சுத்தமான நிலத்துக்கே சுத்தமான கன்று பலன் தரும்.

உழவுக் கருவிகளில் முதலில் மண்ணைச் சுரண்டி, தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, அதன்பிறகே கிருமிநாசினி தெளியுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது பிளீச்சிங் கரைசல் மண்ணிலேயே வீரியமிழந்துவிடும். குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினி இதற்கு ஏற்றது, அளவுக்குப் பாட்டில் லேபிளைப் பாருங்கள். வாடகை டிராக்டர் வந்தால் வயலுக்குள் நுழையும் முன்பே கழுவச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மாதிரி அனுப்புதல்

ஜி-9 அல்லது நேந்திரன் வாடினால், அல்லது வாடாத ரகம் என்று நம்பிய ஒன்று விழுந்தால், வட்டாரத் தோட்டக்கலை அலுவலருக்குச் சொல்லிவிட்டுத் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்கு மாதிரி அனுப்புங்கள். முழுத்தண்டு தேவையில்லை. மட்டையிலிருந்து நிறம் மாறிய நரம்பிழைகளைக் கத்தி நுனியால் உரித்தெடுத்து, ஈரம் உறிஞ்சும் தாளுக்கிடையில் வைத்து நிழலில் காயவையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடினால் வழியிலேயே அழுகிவிடும், அழுகியதில் ஃபியூசேரியத்தைப் பிரித்தெடுப்பது கடினம். காய்ந்த இழைகளைக் காகித உறையில் போட்டு, ரகம், நட்ட தேதி, கன்று வாங்கிய இடம், முந்தைய பயிர், பாசன வகை ஆகியவற்றை எழுதி, நீங்கள் வரைந்த வயல்படத்தின் நகலையும் உள்ளே வையுங்கள். மண் ஒட்டிய வேரையோ கிழங்கையோ ஆய்வகம் கேட்காமல் பேருந்திலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள்.